ஸ்டெப்னி இல்லாத சர்வர்கள்

சில வருடங்களுக்கு முன், பொங்கலுக்கு முந்திய வாரம். திருவொற்றியூர் டோல்கேட் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. “பில் போட ரொம்ப லேட் ஆவுதுண்ணே, கொஞ்சம் வந்து பாருங்க” என்றார் அங்கே வேலை பார்க்கும் பையன். இரண்டாவது மாடி. முன்பு ஸ்டேஷனரி வைக்கும் ஸ்டோராக இருந்த அறையில் சர்வர். எட்டு டிஸ்க்கில் ஏழு பச்சையாக எரிய, ஒன்றில் மட்டும் மஞ்சள் விளக்கு. லாக்கைத் திறந்து பார்த்தேன். அந்த டிஸ்க் செத்து 41 நாள் ஆகியிருந்தது.

முதல் நாளே ‘பீப்’ அடித்திருக்கிறது. சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று யாரோ சாஃப்ட்வேரில் போய் அதை நிறுத்திவிட்டார்கள். பையன் மேலே சொல்லியும் இருக்கிறான். “ஓடிட்டுத்தானே இருக்கு, மூணு கொட்டேஷன் வாங்கு, மாசக் கடைசில பார்க்கலாம்” என்று பதில். கொட்டேஷன் வந்தது. மாசக் கடைசியும் வந்து போனது.

புது டிஸ்க்கைப் போடுவதற்கு முன் இருக்கிற டேட்டா முழுவதையும் வெளியே ஒரு நகல் எடுத்துவிடலாம், அரை நாள் வேலையை நிறுத்துங்கள் என்றேன். அன்றைக்குக் கப்பலுக்குக் கட்-ஆஃப். பெட்டிகள் மாலைக்குள் துறைமுகத்துக்குள் போயாக வேண்டும். நிறுத்தவே முடியாது என்றார்கள். அங்கே நான் விட்டுக்கொடுத்திருக்கக் கூடாது. புது டிஸ்க்கைப் போட்டேன். மற்ற டிஸ்க்குகளிலிருந்து அதை நிரப்பும் ரீபில்டு ஓடத் தொடங்கியது. 63 சதவீதத்தில் இன்னொரு டிஸ்க் போனது. அத்தோடு எல்லாமே போனது.

பேக்கப் இருக்கிறதா என்று கேட்டேன். மேசை டிராயரிலிருந்து ஒரு யு.எஸ்.பி. டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தார்கள். அதில் இடம் தீர்ந்துபோய் நான்கு மாதம் ஆகியிருந்தது. கஸ்டம்ஸ் தொடர்பான ஆவணங்கள் அவர்களுடைய ஐஸ்கேட் இணையதளத்தில் இருக்கும், எடுத்துக்கொள்ளலாம். ட்ரெய்லர் அட்வான்ஸ், டீசல் சிலிப், டிரைவர் பேட்டா, யாருக்கு எவ்வளவு பாக்கி என்கிற கணக்கெல்லாம் அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தது. அக்கவுன்ட்ஸ் பார்க்கும் பெண் பின் குத்திய வவுச்சர்களைக் கட்டுக் கட்டாக எடுத்து வைத்துக்கொண்டு மூன்று வாரம் உட்கார்ந்து திரும்ப ஏற்றினார். டிரைவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகக் கணக்கு முடிக்க வந்தவர்கள். அவர்களுக்குச் சொல்ல யாரிடமும் ஒரு தொகை இல்லை.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் இருபது வருடத்துக்கு மேலாக சர்வர் சர்வீஸ் செய்கிறேன். டிஸ்க் போனதால் மட்டுமே ஒரு நிறுவனம் டேட்டாவை இழந்து நான் பார்த்தது அபூர்வம். போன டிஸ்க்கை மாற்றாமல் வைத்திருந்ததால் இழந்தவர்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். எந்த அலுவலகத்தில் சர்வர் ஓடுகிறதோ, அதே அலுவலகத்து பீரோவில் அதற்கான மாற்று டிஸ்க் ஒன்று முன்கூட்டியே வாங்கி வைக்கப்பட்டிருக்க வேண்டும். மஞ்சள் விளக்கு எரிந்த அன்றைக்கே அது உள்ளே போக வேண்டும்.

இதை யாருக்கும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை, அதுவும் எங்கள் பக்கத்தில். எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையாக நிற்கும் கன்டெய்னர் ட்ரெய்லர்களைப் பாருங்கள். பின்பக்கச் சக்கரங்கள் எல்லாம் ஜோடி ஜோடியாக இருக்கும். ஒரு டயர் வெடித்தால் வண்டி சாய்ந்துவிடாது. பக்கத்து டயர் தாங்கிக்கொள்ளும், வண்டி ஓடும். ஆனால் எந்த டிரைவரும் அப்படியே பெங்களூருக்கு ஓட்டிக்கொண்டு போக மாட்டார். இரண்டு டயரின் பாரத்தை ஒரு டயர் சுமந்தால் அது சூடேறி அடுத்ததாக வெடிக்கும் என்று அவருக்குத் தெரியும். ஓரம் கட்டி ஸ்டெப்னியை மாட்டுவார். ஸ்டெப்னி இல்லாமல் வண்டியை எடுக்கச் சொன்னால் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விடுவார். அந்த டிரைவருக்குச் சம்பளம் போடும் கணக்கு ஓடுகிற சர்வருக்கு மட்டும் ஸ்டெப்னி கிடையாது!

சர்வரில் ஜோடி டயர் செய்யும் வேலையைச் செய்வது ரெய்டு. 1988-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் மூவரும் எழுதிய ஆய்வுக்கட்டுரையிலிருந்து பிறந்த பெயர் அது. விலை மலிவான பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டி, ஒன்று போனாலும் மற்றவற்றிலிருந்து கணக்குப் போட்டு அதிலிருந்ததைத் திரும்பப் பெறும்படி எழுதிவைப்பது. ரெய்டு 5 என்றால் ஒரு டிஸ்க் போகலாம். ரெய்டு 6 என்றால் இரண்டு. நம் சிறிய அலுவலகங்களில் பெரும்பாலும் ஐந்துதான், இடம் மிச்சமாகும் என்பதால். ஒன்று போய்விட்டால் அந்த நிமிடத்திலிருந்து உங்களுக்குப் பாதுகாப்பு பூஜ்யம். பெட்டி ஓடுகிறது என்பதால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

டிஸ்க் சாவது ஏதோ துரதிர்ஷ்டம் என்றும் நினைக்கிறார்கள். உள்ளே இருக்கும் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. விநாடிக்கு 120. ஒரு நாளைக்கு ஒரு கோடி சுற்றுக்கு மேல். படிக்கும் முனை தட்டின்மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமன் பல்லாயிரம் நானோமீட்டர். இப்படி ஓடும் ஒரு பொருள் தேய்ந்து நிற்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். தயாரிப்பாளர்கள் அட்டையில் பத்து லட்சம் மணி நேரம் என்று போடுவார்கள். அந்தக் கணக்குப்படி ஆயிரம் டிஸ்க்கில் வருடத்துக்கு ஒன்பதுதான் போக வேண்டும். அதே கார்த் கிப்சன், பியாங்கா ஷ்ரோடருடன் சேர்ந்து கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திலிருந்து 2007-ல் சுமார் ஒரு லட்சம் டிஸ்க்குகளின் மாற்றுப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். பல இடங்களில் வருடத்துக்கு 2 முதல் 4 சதவீதம் மாற்றப்பட்டிருந்தது. சில இடங்களில் 13 வரை. மூன்று சதவீதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எட்டு டிஸ்க் உள்ள ஒரு பெட்டியில், ஐந்து வருடத்துக்குள் ஒன்றாவது போவதற்குப் பத்துக்கு ஏழு வாய்ப்பு. நிச்சயம் வரப்போகிற செலவு என்றே எழுதி வைத்துவிடலாம். அதை எதிர்பாராத செலவு என்று ஃபைலில் எழுதி மூன்று கொட்டேஷன் கேட்பது எந்த ஊர் நியாயம்?

ஒன்று போனால் அடுத்தது எப்போது? அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. டிஸ்க்குகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் சாவதில்லை. ஒன்று போன சமயத்தையொட்டி இன்னொன்று போகும் வாய்ப்பு கூடுகிறது. எனக்கு இதில் வியப்பில்லை. எட்டையும் ஒரே நாளில், ஒரே பெட்டியிலிருந்து பிரித்து மாட்டுகிறோம். ஒரே சூட்டில், ஒரே கரன்ட் ஏற்ற இறக்கத்தில், ஒரே தூசியில் ஒரே அளவு சுற்றியவை. கூகுள் நிறுவனத்தினர் அதே 2007-ல் தங்கள் டிஸ்க்குகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வும் உண்டு. முதல் ஸ்கேன் எரர் காட்டிய டிஸ்க், அடுத்த 60 நாளுக்குள் சாகும் வாய்ப்பு, எரர் இல்லாததைவிட 39 மடங்கு அதிகம் என்றது. எச்சரிக்கை எதுவும் காட்டாமலே செத்தவையும் கணிசம்.

ரீபில்டு ஓடும்போது இன்னொன்று ஏன் போகிறது என்று அந்தக் கிளியரிங் ஏஜென்ட் முதலாளி என்னிடம் கோபமாகக் கேட்டார். நான் ஏதோ தப்பாகச் செய்துவிட்டேன் என்ற சந்தேகம் அவர் குரலில் இருந்தது. காரணம் எளிது. புது டிஸ்க்கை நிரப்ப, மீதி ஏழிலும் உள்ள ஒவ்வொரு மூலையையும் படித்தாக வேண்டும். மூன்று வருடமாக யாரும் தொடாத பழைய பில்கள் இருக்கும் இடமும் அதில் அடக்கம். அங்கே ஏற்கெனவே கெட்டுப்போயிருந்த பகுதி அன்றைக்குத்தான் வெளியே தெரிகிறது. 4 டெராபைட் டிஸ்க்கை விநாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் நிரப்பினாலும் ஏழரை மணி நேரம். அலுவலக வேலையும் நடந்தால் ஒரு நாளுக்கு மேல் இழுக்கும். அவ்வளவு நேரமும் மற்ற டிஸ்க்குகள் மூச்சு வாங்க ஓடும். மாதம் ஒருமுறை எல்லா டிஸ்க்கையும் முழுக்கப் படித்துப் பார்க்கும் வசதி பெரும்பாலான சர்வர்களில் உண்டு. அதை ஓட விடுங்கள். கெட்ட இடம் இருந்தால், நல்ல நாளிலேயே தெரிந்துவிடும்.

எங்கள் காற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் நின்று எண்ணூருக்குப் போனது. ராயபுரத்து ஜன்னல் கம்பிகளில் கரி குறைந்தது. எண்ணூர்க்காரர்கள் அதையும் சேர்த்துச் சுமக்கிறார்கள். அதோடு அனல்மின் நிலையத்துச் சாம்பல், மணலிப் பக்கத்திலிருந்து வரும் கந்தக வாடை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கடல் உப்பு. வாசல் கேட்டைத் துருப்பிடிக்க வைக்கிற அதே காற்றைத்தான் சர்வரின் ஃபேனும் இழுக்கிறது. கழற்றிய டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தால், அடிப்பக்க போர்டில் பளபளப்பாக இருக்க வேண்டிய சின்னச் சின்னத் தொடுமுனைகள் கறுத்திருக்கும். ராமின் முனை கறுத்திருந்தால் கழற்றி, பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மறுபடி போடுவோம். டிஸ்க்குக்கு அந்த வைத்தியம் எப்போதும் பலிக்காது. 2016-ல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து செய்த ஆய்வு, ஈரப்பதம்தான் டிஸ்க்குகளை அதிகம் கெடுக்கிறது, சூட்டைவிட அதன் பங்கு பெரிது என்றது. இதைப் படித்த அன்று நான் பார்த்த எத்தனையோ அறைகள் நினைவுக்கு வந்தன. மாலை ஆறு மணிக்கு மின்சாரத்தை மிச்சம் பிடிக்க ஏசியை அணைத்துவிட்டு, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். இரவு முழுக்கக் கடல் காற்று அந்தப் பெட்டிக்குள் போகிறது. ஏசியை அணைக்க வேண்டாம். முடியவில்லை என்றால் ஜன்னலையாவது மூடுங்கள்.

ஏ.எம்.சி. என்கிற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் பற்றி எனக்கு மனக்குறை உண்டு. ‘வித் ஸ்பேர்ஸ்’, ‘வித்தவுட் ஸ்பேர்ஸ்’ என்று இரண்டு வகை. இரண்டாவதுதான் மலிவு என்பதால் அதில்தான் கையெழுத்தாகிறது. அதன் பொருள் என்ன? என்னைக் கூப்பிட்டால் வெறுங்கையோடு வருவேன், டிஸ்க் போய்விட்டது என்று சொல்வேன், எழுதிக் கொடுப்பேன், திரும்பிப் போவேன். நோயைச் சொல்லிவிட்டு மருந்து இல்லாமல் கிளம்பும் டாக்டர் மாதிரி. அரசு அலுவலகம் ஒன்றில் ஒரே டிஸ்க்குக்காக மூன்று முறை போய் மூன்று முறையும் அதே அறிக்கையை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அங்கே இருந்த அதிகாரி நல்லவர். அவர் கையில் இருந்த அதிகாரம் ஒரு டோனர் வாங்கும் அளவுக்குத்தான். குற்றம் கொள்முதல் விதியில் இருக்கிறது. சர்வர் வாங்கும் டெண்டரிலேயே எட்டு டிஸ்க்குக்கு இரண்டு உபரி என்று சேர்த்துவிட்டால், பிறகு யாரும் ஃபைல் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. ஒன்றைப் பெட்டிக்குள்ளேயே ஹாட் ஸ்பேராக வைக்கலாம். ஒரு டிஸ்க் செத்தால் மனிதக் கை படாமல் அது வேலையில் இறங்கிவிடும். இன்னொன்று பீரோவில். ஒரு டிஸ்க்கின் விலை ஏறக்குறைய ஒரு ட்ரெய்லர் டயரின் விலைதான்.

முன்பே வாங்கி வைப்பதற்கு இன்னொரு காரணம், வேண்டும் என்கிற அன்று அது கிடைக்காது. 2011-ல் தாய்லாந்தில் வெள்ளம் வந்து டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கின. ரிச்சி ஸ்ட்ரீட்டில் கம்ப்யூட்டர் கடை கடையாக ஏறி இறங்கினேன். நேற்று சொன்ன விலை இன்று இல்லை. ஐந்து வருடம் ஓடிய சர்வருக்கு அதே மாடல் கிடைப்பது இன்றும் கஷ்டம். கிடைக்காதபோது வீட்டுக் கம்ப்யூட்டருக்கான மலிவு டிஸ்க்கை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். அவற்றில் சில எழுதும் முறையிலேயே மெதுவானவை. ரீபில்டு நாள் கணக்கில் இழுத்துப் பாதியில் நிற்கும்.

ஸ்பேர் டிஸ்க் இருந்துவிட்டால் பேக்கப் வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்டெப்னி டயருக்குத்தான், வண்டியே கவிழ்ந்தால் அது உதவாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எர்ணாவூரில் எண்ணெய் கலந்த தண்ணீர் வீடுகளுக்குள் ஏறியதை எல்லோரும் பார்த்தோம். அந்த வாரம் மேசைக்கு அடியில் தரையில் வைத்திருந்த ஒரு சர்வரைத் தூக்கி வெளியே வைத்தேன். எட்டு டிஸ்க்கும் சேர்ந்தே நனைந்திருந்தன. அங்கே ரெய்டு என்ன செய்யும்? பெரிய நாடுகளும் தப்பவில்லை. தென்கொரியாவின் டேஜான் நகரில் 2025 செப்டம்பரில் அரசு டேட்டா சென்டர் தீப்பிடித்தபோது, அரசு ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகள் போயின. அளவு பெரிது என்று வெளியே நகல் எடுக்காமல் விட்டிருந்தார்கள். நம் நாட்டில் 2022 ஆகஸ்டில் திருத்தப்பட்ட கம்பெனிக் கணக்கு விதிகள், மின்னணுக் கணக்குகளுக்கு இந்தியாவில் உள்ள சர்வரில் தினசரி பேக்கப் வேண்டும் என்கின்றன. ஜி.எஸ்.டி. கணக்கை ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். டிராயரில் இருக்கும் நிரம்பிய யு.எஸ்.பி. டிஸ்க் இதற்கெல்லாம் பதில் சொல்லாது.

எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மாற்றக்கூடியதை மாற்றுங்கள், நானே மாற்றிக் கொடுத்திருக்கிறேன். சாலை தோண்டும்போதெல்லாம் கேபிள் அறுபடும் எங்கள் பகுதியில், கேட்டில் நிற்கும் வண்டிக்கு ரசீது போட உள்ளூரில் ஒரு பெட்டி இன்னும் கொஞ்ச காலத்துக்குத் தேவைப்படும்.

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில், ராயபுரத்தில் ஓரிடத்தில், திரையில் ‘ஸ்லாட் 3’ என்று காட்டியது. இடமிருந்து மூன்றாவதை இழுத்தேன். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும், செத்தது நான்காவது. நல்ல டிஸ்க்கை உருவிவிட்டேன். அத்தனை திரையும் அந்த நொடியில் நின்றன. விடிய விடிய உட்கார்ந்து திரும்பக் கொண்டுவந்தேன். அன்றிலிருந்து சீரியல் நம்பரைப் பார்க்காமல், அந்த ஸ்லாட்டின் விளக்கை மினுக்க வைக்காமல் எந்த டிஸ்க்கிலும் கை வைத்ததில்லை. யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

காலடிப்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப். அங்கே கணக்கு பார்க்கும் அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். நான் வாங்கி வைக்கச் சொன்ன டிஸ்க்கை பீரோவில், சேலை வைக்கும் பிளாஸ்டிக் கவரில் சிலிக்கா பொட்டலத்தோடு போட்டு, வாங்கிய தேதியை மேலே எழுதி வைத்திருந்தார். சென்ற மழைக்காலத்தில் ஒரு காலை ஆறரைக்கு எனக்கு அலர்ட் மெயில் வந்தது. ரோடெல்லாம் தண்ணீர். அவர் பக்கத்துத் தெரு என்பதால் லேபுக்குப் போய்விட்டார்.

“தம்பி, ஒண்ணு மஞ்சளா எரியுது. நானே மாத்திடட்டுமா?”

இங்கிருந்து லாகின் செய்து விளக்கை மினுக்க வைத்தேன். எந்த ஸ்லாட் மினுக்குகிறது என்று அவரையே சொல்லச் சொன்னேன். டிஸ்க்கைப் பொருத்தியிருக்கும் சட்டமான கேடியின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரில் கடைசி நான்கு எழுத்தைப் படித்தார். என் திரையில் இருப்பதும் அதுவே. லாட்ச்சை அழுத்தி ஒரு அங்குலம் மட்டும் இழுங்கள், அப்படியே பிடித்துக்கொண்டு நில்லுங்கள் என்றேன்.

“உள்ள இன்னும் சுத்துது தம்பி, கையில தெரியுது.”

“நிக்கட்டும்க்கா. அரை நிமிஷம்.”

நின்றது. வெளியே எடுத்தார். நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி, புதியதைக் கேடியில் பொருத்தி, அவர் உள்ளே தள்ளியபோது ‘டக்’ என்ற சத்தம் போனில் எனக்கே கேட்டது. சற்று நேரத்தில் பச்சை மினுக்குகிறது என்றார். என் திரையில் ரீபில்டு ஒரு சதவீதம் என்று வந்தது. ஏழரைக்கு முதல் நோயாளி வந்துவிட்டார். மறுநாள் விடியற்காலை அது நூறைத் தொடும்வரை லேப் ஒரு நிமிடமும் நிற்கவில்லை.

போனை வைக்கும் முன் அவர் கேட்டார்: “பீரோ இப்ப காலியா இருக்கு தம்பி. அடுத்தது எப்ப கொண்டு வர்றீங்க?”